சைகை மொழித் தேர்வு மையமும் முகத்தை மட்டும் பார்க்கும் கேமராவும்

டெல்லி ஆர்.கே.புரத்தில் கணினிப் பயிற்சி நிலையம் நடத்தும் தோழி ஒருவர், தம் இடத்தையும் சைகை மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ்த் தேர்வுக்குக் கொடுக்கலாமா என்று போன வாரம் கேட்டார். கரோல் பாக்கில் எங்கள் நிலையத்து மாடி அறைகளை மூன்று ஆண்டுகளாக அதற்குக் கொடுத்துவருகிறேன். வாடகை, நாற்காலி, யுபிஎஸ் கணக்கெல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது கேமராவைப் பற்றித்தான்.

தேர்வுக்காக ஒரே வகைக் கேமராவில் ஆறு வாங்கினேன். படம் தெளிவு, நிறம் பிசகுவதில்லை, மூன்று டெல்லிக் கோடையையும் தாங்கிவிட்டது. ஆனால் அது தானாகவே முகத்தைத் தேடிப் பிடித்து நெருங்கிவிடும். வேலைக்கான நேர்காணலுக்கு அது வசதி. எங்கள் தேர்வரோ காதில் கேட்பதைக் கைகளால் சொல்ல வேண்டியவர். உச்சந்தலைக்குச் சற்று மேலிருந்து இடுப்பு வரை, முழங்கைகள் விரியும் அகலம் முழுவதும் படத்துக்குள் இருந்தாக வேண்டும். இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளைப் பெரும்பாலும் இரு கைகளாலும்தான் காட்டுவார்கள். ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டும்போது ஒரு கை வெளியே போனால் பெயரே போயிற்று.

முதல் தேர்வுக்கு முந்தைய நாள், காது கேளாத மூத்த மதிப்பீட்டாளர் ஒருவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கைகளை அசைக்கச் சொன்னார். பிறகு திரையைக் காட்டினார். என் முகம் பௌர்ணமி நிலவாக நிறைந்திருந்தது, கைகளைக் காணவில்லை. அன்றே அந்த வசதியை அணைத்தேன். மென்பொருள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அது மீண்டும் விழித்துக்கொள்கிறது. போன மாதம் ஒரு பெண் முழுத் தேர்வையும் மறுபடி எழுத, இல்லை, மறுபடி சைகை செய்ய நேர்ந்தது. என்னை அவர் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் காணொளி வழியே முன்னிலையானபோது, அவருடைய மொழிபெயர்ப்பாளருக்கும் திரையில் இடம் தரத் தலைமை நீதிபதி அனுமதித்தார். அங்கே கிடைத்த இடத்தை என் கேமரா தர மறுக்கிறது.

விளக்கும் சற்றுப் படுத்தியது. 'ஆமா, இல்லையா' என்ற கேள்வியைப் புருவத்தை உயர்த்திக் காட்டுவார்கள் என்பதால், தலைக்கு நேர்மேலே ட்யூப்லைட் எரிந்து கண்குழியில் நிழல் விழுந்தால் கேள்வி வெறும் செய்தியாகிவிடுகிறது. முன்பக்கம் இரண்டு விளக்குகள் வைத்ததும் அது தீர்ந்தது.

நான் எதிர்பார்க்காத இன்பம் மாலையில் வரும். மதிப்பீட்டாளர்கள் மாடிப்படி விளக்கின் கீழ் கூடி, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு, ஒரு மணி நேரம் சத்தமே இல்லாமல் அரட்டை அடிப்பார்கள். பூட்ட வேண்டுமென்றால் விளக்கை இருமுறை அணைத்துப் போடுவேன். 'இதோ' என்று கையசைத்துவிட்டு அடுத்த கதையைத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் காவலாளி யாரும் கற்றுத்தராமலே டீக்கான சைகையைக் கற்றுக்கொண்டார்.

இத்தனைக்கும் பிறகு, தோழிக்கு என் பதில்: இடத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே தீருவதென்றால், தானாக எதுவும் செய்யத் தெரியாத மலிவான கேமராவாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடைய ஆறும் விற்பனைக்கு இருக்கின்றன. நேர்காணலுக்கு அருமையாக இருக்கும்.