விராக், எச்சிஆர்-20: வன்முறை அபாயத்தை எதை வைத்துக் கணிப்பது?

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள ஒருவர் மறுபடி வன்முறையில் இறங்குவாரா என்று கணிக்கும் மதிப்பீட்டுக் கருவிகளில் இரண்டு, விராக் (VRAG), எச்சிஆர்-20 (HCR-20), கனடாவில் பிறந்தவை.

விராக் 1993-ல் ஒன்டாரியோவில் உருவானது. 12 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஆளுமைக் கோளாறு (நெடுநாளாக ஊறிப்போன, பிறரோடு ஒத்துப்போகாத நடத்தைப் போக்கு) இருந்தால் 3 புள்ளி கூடும். மனச்சிதைவு இருந்தாலோ 3 புள்ளி குறையும்! அப்படியானால் நோய் பாதுகாப்பு தருகிறதா? இல்லை. இங்கே ஒப்பீடு பொதுமக்களோடு அல்ல, ஏற்கெனவே குற்றம் செய்த மற்றவர்களோடு. இதை மறந்துவிட்டு எண்ணை மட்டும் படிப்பது ஆபத்து.

எச்சிஆர்-20 பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1995-ல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2013-ல். மொத்தம் 20 அம்சங்கள்: பழைய வரலாறு 10, இப்போதைய நிலை 5, இனி வாழப்போகும் சூழல் 5. மனநோயும் ஆளுமைக் கோளாறும் தனித்தனி அம்சங்கள். கூட்டுத்தொகை முடிவு சொல்வதில்லை, மதிப்பிடும் நிபுணர்தான் எடைபோடுகிறார்.

மனச்சிதைவும் ஆளுமைக் கோளாறும் சேர்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். மாத்திரையில் காதில் கேட்கும் குரல் அடங்கிவிடலாம். சட்டென்று கை ஓங்கும் பழக்கமும் குடியும் அப்படியே இருக்கும். அவருக்குக் கோபத்தைக் கையாளும் பயிற்சி வேண்டும், குடியை விடச் சிகிச்சை வேண்டும், வீட்டில் துணை வேண்டும். எச்சிஆர் இதையெல்லாம் கேட்கிறது. விராக் பெரும்பாலும் கடந்த காலத்தையே எண்ணுவதால், அவர் எவ்வளவு தேறினாலும் மதிப்பெண் இறங்காது.

விராக்கில் மதிப்பிடுபவருக்கு மதிப்பிடுபவர் முடிவு மாறுவது குறைவு. எச்சிஆருக்கு நேரமும் பயிற்சியும் தேவை. இருந்தாலும் சிகிச்சைத் திட்டம் போட என் தேர்வு எச்சிஆர்தான்.