ஸ்பானாவா, புரூக்கா, டாங்கி சாங்சுவரியா?

உழைக்கும் கழுதைக்கும் குதிரைக்கும் பல நாடுகளில் தொண்டு செய்யும் பெரிய அமைப்புகளில் இந்த மூன்றும் பிரிட்டனைச் சேர்ந்தவை. விளம்பரத்தைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல, அதே சோகக் கண்கள்தான். கொடுக்கும் காசு என்ன ஆகிறது என்று கேட்டால் மூன்றும் மூன்று திசை.

ஸ்பானா 1923-இல் தொடங்கியது. கேட் ஹொசாலியும் மகள் நீனாவும் வட ஆப்பிரிக்காவுக்குப் போன இடத்தில் பொதி விலங்குகள் படும் பாட்டைப் பார்த்து ஆரம்பித்தார்கள். இன்றும் இலவச வைத்தியம்தான் அதன் முகம். மொராக்கோவின் மராகேஷில் நொண்டும் கழுதையை ஓட்டிவந்தால் மருந்து போட்டு அனுப்புவார்கள். அன்றைய வலி அன்றே தீரும். ஆனால் புண்ணாக்கிய சேணம் மறுநாளும் அதே முதுகில் ஏறும். அதனால்தான் உரிமையாளர்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள்.

புரூக் இந்த முடிச்சில்தான் கை வைக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் எகிப்தில் விற்றுவிட்டுப் போன குதிரைகள் கெய்ரோ தெருக்களில் எலும்பும் தோலுமாக வண்டி இழுத்தன. டாரதி புரூக் நன்கொடை திரட்டி 5,000 குதிரைகளை வாங்கினார். பெரும்பாலானவற்றை வலியில்லாமல் சாகவிடத்தான் முடிந்தது. 1934-இல் அங்கேயே மருத்துவமனை திறந்தார். இப்போது புரூக்கின் கவனம் உள்ளூர் ஆட்கள்மேல்: லாடம் அடிப்பவருக்கும் ஊர் கால்நடை மருத்துவருக்கும் பயிற்சி. வட இந்தியச் செங்கல் சூளைகளில் விலங்கு வைத்திருப்பவர்களைக் குழுவாகச் சேர்க்கிறார்கள். நம் ஊர் மகளிர் குழு மாதிரி மாதாமாதம் சேமிப்பு, அதிலிருந்து மருந்துச் செலவு. புரூக்காரர்களின் ஜீப் கிளம்பிப் போன பிறகும் வேலை நடக்கும். படம் எடுத்துப் போட இதில் பெரிதாக ஒன்றும் இல்லை, பாவம்.

டாங்கி சாங்சுவரி 1969-இல் எலிசபெத் ஸ்வென்ட்சன் ஆரம்பித்தது. 1974-இல் ஒரு பெண்மணி உயில் எழுதி அவரிடம் விட்டுப்போனது மட்டும் 204 கழுதைகள்! இங்கிலாந்தின் டெவனில் கழுதைகளை ஆயுசுக்கும் வைத்துப் பராமரிக்கிறார்கள். ஒரு கழுதை 30 வருஷம்கூட இருக்கும். அதற்கு ஆகும் தீனிச் செலவில் எத்தனையோ சூளைக் குழுக்களை நடத்தலாம் என்பது என் கணக்கு.

அதனால் என் காசு புரூக்குக்குத்தான் என்றிருந்தேன். ஆனால் தோல் வியாபாரம் இருக்கிறதே. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் 'எஜியாவோ' என்ற பசைக்குச் சீனாவில் மருந்தென்று கிராக்கி. கழுதை ஒரு குட்டி போடவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். வெட்டுகிற வேகத்துக்கு அது எப்படி ஈடுகொடுக்கும்? இதை உலகத்தின் காதில் விடாமல் போட்டதில் டாங்கி சாங்சுவரிக்குப் பெரிய பங்கு உண்டு. மற்ற இரண்டும் கூட நின்றன. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவர்கள் தோலுக்காகக் கழுதை வெட்டுவதைத் தடைசெய்ய ஒப்புக்கொண்டார்கள். புரூக் பயிற்சி கொடுத்தவர் பாந்தமாக லாடம் அடித்த கழுதையாக இருந்தாலும், தோலுக்காக ராத்திரியோடு ராத்திரியாகத் திருடிப் போனால் யார் என்ன செய்ய? இப்போது என் காசில் பாதி புரூக்குக்கு, பாதி டாங்கி சாங்சுவரிக்கு.