பெயர் இல்லாத நோய்க்கு மேன்முறையீடு: ஒரு பென்ஷன் கிளாக்கரின் மதிப்பீடு

மட்டக்களப்பு மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி கோட்டைக்குள் இருந்த காலத்தில் பென்ஷன் பிரிவில் 31 வருஷம் கிளாக்கராக இருந்தவன் நான். சாப்பாட்டுக் கடைக்கு நட்சத்திரம் போடுகிறவர்கள் போடட்டும். ஃபைல் நகரும் விதத்துக்கு நட்சத்திரம் போட எனக்குத்தான் தகுதி. இம்முறை அமெரிக்காவின் ஃபைல்: பழைய படைவீரருக்கு நோய்க்காக இழப்பீடு கொடுக்கும் ஃபைல்.

என் அக்காவின் மகன் படிக்கப் போய் அங்கே பட்டாளத்தில் சேர்ந்தவன். 1991இல் குவைத்தில் நின்றான். ஈராக் படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போனது. பட்டப்பகலில் லைட் போட்டு வாகனம் ஓட்டினோம் என்பான். கடைசிக் கிணறு அந்த வருஷம் நவம்பரில்தான் அணைந்தது. நரம்பு வாயு அடித்தால் உயிர் தப்பட்டும் என்று குளிசையும் கொடுத்திருக்கிறார்கள். வீடு திரும்பிய பிறகு தொடங்கியது: மூட்டு உளைச்சல், வயிறு சரியில்லை, எழும்பும்போதே களைப்பு, பேசிக்கொண்டிருக்கும்போது சொல் மறந்துபோவது. எத்தனையோ டெஸ்ட் எடுத்தும் ரிப்போட் எல்லாம் நோர்மல். இப்போது கல்லடியில் அக்கா வீட்டோடு இருக்கிறான். இழப்பீடு கேட்டுப் போட்ட முதல் விண்ணப்பம் தள்ளுபடியாகி, கடிதக் கட்டோடு என்னிடம் வந்தான். "மாமா, இதக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். முதலில் சட்டத்துக்கு ஐந்துக்கு ஐந்து. இதை மனதாரச் சொல்கிறேன். 1990 ஆகஸ்ட் 2க்குப் பிறகு அந்தப் பாலைவனப் பக்கம் சேவை செய்தவருக்கு, எந்த டொக்டராலும் பெயர் வைக்க முடியாத உபாதை ஆறு மாதம் நீடித்தால், அது சேவையால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். விட்டு விட்டு வந்தாலும் கணக்குத்தான். புகையாலா, குளிசையாலா என்று அவன் நிரூபிக்கத் தேவையில்லை. படைச் சேவையில் நச்சுப் புகை போன்றவை பட்டவர்களுக்காக 2022இல் வந்த பாக்ட் சட்டம், எப்போது வெளிப்பட வேண்டும் என்ற காலக்கெடுவையும் எடுத்துவிட்டது. "காரணம் காட்டுக" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிய கை இது, எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனால் இதற்குள் ஒரு வில்லங்கம். நோய்க்குப் பெயர் இல்லாதவரைக்கும்தான் அந்தச் சலுகை. நாட்பட்ட களைப்பு நோய், உடம்பு முழுக்க உளையும் ஃபைப்ரோமயால்ஜியா, குடலில் புண் ஒன்றும் இல்லாமலே அது சரியாக வேலை செய்யாத கோளாறு. இந்த மூன்றும் பெயர் இருந்தும் உள்ளே வரும். வேறு தெரிந்த நோயின் பெயரை ஒருவர் எழுதினால் அந்த வாசல் அடைபட்டது மாதிரித்தான், வேறு வழியில் நிரூபிக்க வேண்டும். இங்கே ஒரு டொக்டர் இரக்கப்பட்டு, எக்ஸ்ரேயில் தேய்மானம் ஒன்றும் தெரியாதபோதும் "மூட்டுவாதம்" என்று துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார். நல்ல மனுஷர். அந்த ஒரு சொல் எங்களுக்கு ஒரு வருஷத்தைத் தின்றது.

மேன்முறையீட்டுக்கு மூன்று பாதை. 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒழுங்கு. எதுவானாலும் முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட்டால் பழைய விண்ணப்பத் திகதி அழியாது. வென்றால் நிலுவை அன்றிலிருந்தே வரும். இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்தவர் கட்டாயம் ஒரு கிளாக்கராகத்தான் இருக்க வேண்டும்.

மருமகன் என்னைக் கேட்காமலே முதலில் உயர்நிலை மறுஆய்வுக்குப் போட்டிருந்தான். மேலதிகாரி ஒருவர் பழைய ஃபைலையே திரும்பப் பார்ப்பார். புதுக் காகிதம் ஒன்றுகூட வைக்க முடியாது. விரும்பினால் போனில் ஒருதரம் பேசலாம். அங்கே காலை பத்து மணி, இங்கே இரவு ஏழரை, அக்கா இடியப்பம் அவித்துக்கொண்டிருக்கிறாள், இவன் தன் நோய் டயரியைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறான். அது ஃபைலில் இல்லை, ஆகவே பார்க்க முடியாது என்றார்கள். ஒழுங்கின்படி சரிதான். முதல் முடிவில் பிழை விட்டிருந்தால் இந்தப் பாதை நல்லது. சாட்சியே குறைவு என்றால் வீண். எங்களுக்கு ஐந்தில் இரண்டு.

அடுத்தது துணை விண்ணப்பம். புதிதாகவும் சம்பந்தமாகவும் ஒரு சாட்சி இருந்தால் போதும். இங்கேதான் எனக்கு வேலை வந்தது. டொக்டர் கண்ணுக்குத் தெரிவது மட்டுமில்லை, வெளி ஆட்கள் பார்த்து உறுதிப்படுத்தக்கூடியதும் சாட்சிதான் என்கிறது சட்டம். "என்ன மாமா எழுதுவீங்க?" என்றான். "கண்டத எழுதுவன் மனே" என்றேன். கல்லடிப் பாலத்தைக் கடக்க மூன்று இடத்தில் நின்றது, சந்தையில் வாங்கிய எருமைத் தயிர்ச் சட்டியை நடுவழியில் என்னிடம் தந்தது, மாமி செத்தவீட்டில் பந்தியிலிருந்து எழும்பி ஓடியது, எல்லாம் திகதியோடு. வலிக்கிறது, கஷ்டப்படுகிறான் என்று ஒரு வரியும் எழுதவில்லை. பென்ஷன் பிரிவில் அழுகைக் கடிதங்கள் எத்தனை வாசித்திருக்கிறேன், திகதி போட்ட கடிதம்தான் மேசையை விட்டு நகரும்.

குடல் கோளாறு ஏற்கப்பட்டது. மூட்டு, அந்த "மூட்டுவாதம்" என்ற சொல்லால் நின்றுபோனது. ஐந்தில் நான்கு. மூன்றாவது பாதை நீதிபதி முன் போவது. அதில் காலம் நிறையப் போகும் என்பதால் இன்னும் தொடவில்லை.

இடையில் ஒரு நிறுவனம் இவனைப் பிடித்தது. பெயர் வேண்டாம். நூறு வீத இயலாமை என்று எடுத்துத் தருகிறோம், கூடுகிற மாதப் பணத்தில் ஐந்து மாதப் பங்கு தா என்றது. முதல் முடிவு வருமுன் கட்டணம் வாங்கவே அங்கே சட்டம் விடாது. அதன் பிறகும் அங்கீகாரம் பெற்ற வக்கீலோ முகவரோதான் வாங்கலாம். அமெரிக்கன் லீஜியன் போன்ற பழைய படைவீரர் சங்கங்களோ சதமும் வாங்காமல் செய்து தருகின்றன. அந்த "நூறு வீதம்" வேறு ஒரு கணக்கு. அங்கே ஒரு நோய்க்கு 50 வீதமும் இன்னொன்றுக்கு 30 வீதமும் என்றால் 80 ஆகாது. முதல் 50 போக மிச்சம் இருக்கிற உடம்பில்தான் அடுத்த 30. அப்படி 65 வரும், அதை 70 ஆக்குவார்கள். நான் கல்குலேட்டரில் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன்.

இப்போது கொழும்பில் மூட்டு நிபுணர் ஒருவர் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்து, வாதத்துக்கான அடையாளம் இல்லை, காரணம் தெரியவில்லை என்று எழுதித் தந்திருக்கிறார். "காரணம் தெரியவில்லை" என்ற கடிதத்தைக் கையில் வாங்கிச் சந்தோஷப்பட்ட நோயாளி இவன் ஒருவனாகத்தான் இருப்பான். மொத்தத்தில் மூன்றரை. மூட்டும் கிடைத்தால் நாலாக்குவேன்.

அக்கா வீட்டுக் கலண்டரில் கடைசித் திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறேன். அவன் பக்கத்திலேயே மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கும் ஒரு வட்டம் போட்டிருக்கிறான், இம்முறை நடந்தே போவானாம். கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்கிறான். நடந்தால் அதையும் திகதியோடு எழுதுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.