பிரெட்டா, இட்லியா? பி.பி. வந்தபின் நான் போட்ட உப்புக் கணக்கு

எங்கள் பக்கத்தில் பிரெட் என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பிரெட் பாக்கெட், அரை டஜன் சாத்துக்குடி. காரம் இல்லை, எண்ணெய் இல்லை, புளி இல்லை. அதனால் உடம்புக்குக் கெடுதல் செய்யாத பண்டம் என்று மனதில் பதிந்துவிட்டது. போன வருடம் எனக்கு 152/96 என்று காட்டியபோது நான் முதலில் செய்த காரியமும் அதுதான். இட்லி, பொங்கல், வடை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு காலையில் நாலு ஸ்லைஸ் பிரெட்டுக்கு மாறினேன். பத்தியம் இருக்கிற பெருமை வேறு.

இரண்டு மாதம் கழித்துத்தான் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். 100 கிராமுக்குச் சோடியம் 450 மில்லிகிராம் என்று இருந்தது. ஒரு ஸ்லைஸை எடை போட்டேன், 27 கிராம். அப்படியானால் நாலு ஸ்லைஸில் சுமார் 490 மில்லிகிராம் சோடியம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஆக, 1.2 கிராம் உப்பு. மேலே தடவிய வெண்ணெயும் உப்பு வெண்ணெய்தான். எல்லாம் சேர்த்து ஒன்றரை கிராமை நெருங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் அளவே 5 கிராமுக்குக் கீழ், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். காலை எட்டு மணிக்கே அதில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. அதுவும் நாக்கில் இனிப்பாகத் தெரிகிற ஒரு பண்டத்தில்!

இதில் பேக்கரிக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. மாவின் எடையில் கிட்டத்தட்ட 2 சதவீதம் உப்பு என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். உப்பு மாவின் பசைத்தன்மையை இறுக்கிப் பிடிக்கிறது, ஈஸ்ட் துள்ளுவதைக் கட்டுக்குள் வைக்கிறது. அது குறைந்தால் மாவு பிசுபிசுக்கும், சுவையும் சப்பென்று இருக்கும். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் காலங்காலமாக உப்பே போடாத ரொட்டி சுடுகிறார்கள். ஆனால் அதற்குத் தொட்டுக்கொள்வது உப்பில் ஊறிய இறைச்சியும் பாலாடைக்கட்டியும். நம் சாதமும் ஊறுகாயும் மாதிரிதான்.

சரி, பிரெட் வேண்டாம், வேறு என்ன என்று பார்த்தேன்.

கார்ன்ஃப்ளேக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மொறுமொறுப்புக்கும் சுவைக்கும் உப்பு சேர்க்கிறார்கள். நான் பார்த்த பெட்டியில் ஒரு கிண்ணத்துக்கு, அதாவது 30 கிராமுக்கு, 200 மில்லிகிராம் சோடியம் போட்டிருந்தது. 30 கிராமோடு எழுந்திருக்கிற ஆள் நான் இல்லை. பத்தரைக்கு மறுபடி பசிக்கும், கேன்டீனில் வடை கூப்பிடும்.

ஓட்ஸ் வேறு ரகம். வெறும் ஓட்ஸில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம். பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. அது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்பது உறுதியான விஷயம், பி.பி.யையும் கொஞ்சம் இறக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. காகிதத்தில் மார்க் போட்டால் முதலிடம் ஓட்ஸுக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாலில் வேகவைத்த ஓட்ஸை மூன்று வாரத்துக்கு மேல் என்னால் தள்ள முடியவில்லை. பிறகு மசாலா ஓட்ஸ் பாக்கெட் வாங்கினேன். அதன் பின்பக்கத்தைப் படித்ததும் கீழே வைத்துவிட்டேன். ஓட்ஸின் நல்ல பெயரை வைத்துக்கொண்டு நூடுல்ஸ் பாக்கெட் அளவுக்கு உப்போடு ஓடுகிற வண்டி அது.

கேழ்வரகு, கம்பு பற்றிக் கேட்பீர்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம், 400-க்கு மேல் பொட்டாசியம். இரண்டுமே பி.பி.க்கு வேண்டிய சரக்குகள். கூழில் உப்பை நாமே போடுகிறோம், போடாமலும் குடிக்கலாம். சிக்கல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது: மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய், கருவாடு. மோர் மிளகாய் நாலு கடித்தால் கூழில் மிச்சம் பிடித்த உப்பெல்லாம் வட்டியோடு திரும்பி வந்துவிடும். சின்ன வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்கிறவருக்குக் கூழ் அருமையான தேர்வு. நான் கோடையில் ஆறு வாரம்தான் குடித்தேன், அதை வைத்து அடித்துப் பேச மாட்டேன்.

இனி இட்லிக்கு வருகிறேன். என் கட்சி இதுதான் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இட்லியை நான் முதலில் அளந்தபோது அது பிரெட்டிடம் தோற்றது.

எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை மாவு ஆட்டுவோம். நாலு ஆழாக்கு இட்லி அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து. ஐம்பது, ஐம்பத்திரண்டு இட்லி வரும். உப்பு அம்மா கை அளவு. அந்தக் கையை ஒருநாள் அப்படியே சமையல் தராசில் கொட்டச் சொன்னேன். 26 கிராம். அப்படியென்றால் ஒரு இட்லிக்கு அரை கிராம், நாலு இட்லிக்கு 2 கிராம். இன்னும் சாம்பாரும் சட்னியும் கணக்கில் வரவில்லை. ஆஸ்பத்திரி பிரெட்டே தேவலை என்று ஆகிவிட்டது. தராசைப் பார்த்த மனைவி, “என்னங்க, இத்தனை வருஷமா சாஃப்ட்டா இருக்குன்னு ஆறு சாப்பிட்டீங்களே” என்றாள். ஆறுக்கு 3 கிராம்.

அப்படியிருந்தும் நான் இட்லிப் பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம், பிரெட்டின் 450 எனக்கு எப்போதும் 450-தான். இட்லியின் 26 நான் நினைத்தால் இறங்கும்.

யோசித்துப் பார்த்தால் நாடுகளே பிரெட்டில் செய்த வேலை இது. பிரிட்டனில் மக்களின் உடம்புக்குள் போகும் உப்பில் பெரிய பங்கு ரொட்டியிலிருந்துதான் வந்தது. அங்கே ரொட்டித் தயாரிப்பாளர்களோடு பேசி உப்பைச் சன்னமாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2001-இல் 100 கிராம் ரொட்டியில் சராசரி 1.23 கிராமாக இருந்த உப்பு 2011-இல் 0.98 ஆனது. கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததால் சாப்பிட்டவர்களின் நாக்குக்குத் தெரியவே இல்லை. தென்னாப்பிரிக்கா சட்டமே போட்டது. 2016 முதல் 100 கிராம் ரொட்டியில் 400 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் கூடாது, 2019-இல் அது 380. என் பாக்கெட்டின் 450-ஐ அங்கே விற்க முடியாது. பின்லாந்தில் உப்பு அதிகமான ரொட்டியின் மேல் அப்படியே எழுதி ஒட்ட வேண்டும் என்று 1990-களிலேயே விதி வந்துவிட்டது.

நான் பேக்கரியோடு பேச முடியாது, அம்மாவோடு பேசலாம். அதுவும் லேசுப்பட்ட காரியம் இல்லை. “உப்பில்லாப் பண்டம் குப்பையிலேடா” என்று முதல் வாரமே தீர்ப்பு வந்தது. அதனால் பிரிட்டன்காரர்கள் வழியில் போனேன். சொல்லாமல் குறைப்பது. 26 இருந்தது 22 ஆனது, இரண்டு வாரம் கழித்து 18, அப்புறம் 14, 12, 10. மூன்று மாதம் ஆயிற்று. 10-இல் யாரும் எதுவும் கேட்கவில்லை. 8-க்கு இறக்கிய அன்று அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறு வாரமே 10-க்கு ஏறிவிட்டேன். இப்போது நாலு இட்லிக்கு முக்கால் கிராம் உப்பு, நாலு ஸ்லைஸ் பிரெட்டை விடக் குறைவு.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, ஸ்பூனை நம்பாதீர்கள். கல்லுப்பு ஒரு ஸ்பூன் எடுத்தால் இடையில் காற்று இருக்கும், தூள் உப்பில் அதே ஸ்பூன் கனக்கும். கிராமுக்குக் கிராம் இரண்டிலும் சோடியம் ஒன்றுதான், ஒரு ஸ்பூனில் அடங்குகிற எடைதான் வேறு. முந்நூறு, நானூறு ரூபாய்த் தராசு போதும். இன்னொன்று, உப்புக் குறைந்தால் மாவு பொங்காது என்று பயப்பட வேண்டாம். உப்பு புளிப்பை மெதுவாக்குகிற பொருள், பொங்கவைக்கிற பொருள் இல்லை. மதுரை வெயிலில் உப்புக் குறைந்த மாவு சீக்கிரம் புளிக்கும், அவ்வளவுதான். நாங்கள் இப்போது உப்பே போடாமல் பொங்கவிட்டு, காலையில் அன்றைய ஈட்டுக்கு எடுக்கிற மாவில் மட்டும் உப்பைக் கரைத்து ஊற்றுகிறோம். மீதி ஃபிரிட்ஜுக்குள். மாவு ஆட்ட முடியாத வாரம் தெருமுனை மாவுக்கடையில், “அக்கா, உப்புப் போடறதுக்கு முன்னாடி ஒரு கிலோ எடுத்து வையுங்க” என்று முதல் நாளே சொல்லிவிட்டால் வைத்துவிடுகிறார். பிரெட் கடையில் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள்.

தொட்டுக்கொள்வதில் அனுபவம் சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு. தேங்காய்ச் சட்னியில் உப்புக் குறைந்தால் உடனே தெரியும். தக்காளிச் சட்னியிலும் புளி விட்ட சாம்பாரிலும் அவ்வளவாகத் தெரியாது, புளிப்பு மூடிவிடும். அதனால் வாரத்தில் நாலு நாள் தக்காளி, இரண்டு நாள் சாம்பார். தேங்காய்ச் சட்னி ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் சரியான உப்போடு. பொடியை வறுக்கும்போது உப்பைப் பாதியாக்கிப் பூண்டைக் கூட்டிவிட்டோம்.

சாம்பாருக்கு இன்னொரு வாதமும் இருக்கிறது. உணவை மாற்றியே பி.பி.யைக் குறைக்க முடியுமா என்று பார்த்த டேஷ் ஆய்வு 1997-இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் உப்பின் அளவை மாற்றவே இல்லை. காய், பழம், கொழுப்புக் குறைந்த பால் பொருள்களை நிறையச் சேர்த்தார்கள், மொத்தக் கொழுப்பையும் குறைத்தார்கள். ஏற்கெனவே பி.பி. இருந்தவர்களுக்கு மேல் அளவு, அதாவது 152/96 என்பதில் முதலில் வரும் எண், சராசரியாக 11 புள்ளி இறங்கியது. 2001-இல் அதே உணவில் உப்பையும் குறைத்துப் பார்த்தபோது இன்னும் இறங்கியது. இட்லியோடு முருங்கைக்காயும் பரங்கிக்காயும் பருப்பும் தானாக வந்து சேர்கின்றன. பிரெட்டோடு வருவது ஜாம்.

“அரிசி சாப்பிட்டால் பி.பி. ஏறும்” என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்காக ஒரு பழைய கதை. பி.பி.க்கு நல்ல மாத்திரைகள் வராத காலத்தில், 1939 வாக்கில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற டாக்டர், பி.பி. முற்றிய நோயாளிகளுக்குக் கொடுத்ததே அரிசிச் சோறும் பழமும் சர்க்கரையும்தான். பலருக்குப் பி.பி. மளமளவென்று இறங்கியது. அரிசியில் மந்திரம் ஏதும் இல்லை, அந்தச் சாப்பாட்டில் உப்பு அறவே கிடையாது. தானியம் எது என்பதைவிட அதில் என்ன கலந்திருக்கிறது என்பதே முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பிரெட்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், மைதா வகைகளுக்குப் பதில் தினமும் மூன்று வேளைப் பங்கு முழுத் தானிய ரொட்டியும் தானிய உணவும் 12 வாரம் சாப்பிட்டவர்களுக்கு மேல் அளவு 6 புள்ளி வரை குறைந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2017-ஆம் ஆண்டு அலசலோ இதற்கு ஆதாரம் போதாது என்றது. உண்மையான முழுக்கோதுமை பிரெட்டை இரண்டு ஸ்லைஸ், உப்பில்லா வெண்ணெய், வெள்ளரிக்காய் என்று சாப்பிடுகிறவரிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் பிரவுன் பிரெட் என்று பெயர் இருந்தால் போதாது. சேர்மானங்களில் முதல் பெயர் மைதாவாக இருந்து, கடைசியில் கேரமல் நிறம் 150 என்று இருந்தால் அது பழுப்புச் சாயம் பூசிய வெள்ளை பிரெட்.

எனக்கு இப்போது 128/82 பக்கம் நிற்கிறது. இட்லியால் என்று சொன்னால் பொய்யாகிவிடும். காலையில் மாத்திரை போடுகிறேன், தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறேன், மூன்று கிலோ குறைந்திருக்கிறேன். உப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. சர்க்கரையும் சேர்ந்து உள்ளவர்களுக்கு இட்லிக் கணக்கு வேறு மாதிரி வரும், அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அடிக்கடி வெளியூர் போகிறவருக்கும் என் முறை உதவாது. ஓட்டல் இட்லியின் உப்பு ஓட்டல்காரர் கையில், சாம்பார் வாளியும் அவர் கையில். அங்கே நான் சட்னியைப் பாதியாகத் தொட்டுக்கொள்வதோடு சரி.

போன மாதம் காய்ச்சலில் படுத்தேன். அம்மா வழக்கம்போல பிரெட் பாக்கெட்டும் பாலும் கொண்டுவந்து வைத்தார். ஒரு ஸ்லைஸை எடுத்துப் பாலில் நனைக்காமல் கடித்தேன். உப்புக் கரித்தது.