துருக்கியம் தெரிந்தவர் கையில் கூகுள் டிரான்ஸ்லேட்டின் துருக்மேனியம்

துருக்மேனிஸ்தானின் மொழியான துருக்மேனியம் கூகுள் டிரான்ஸ்லேட்டில் சேர்ந்தது 2020-இல். துருக்கியமும் துருக்மேனியமும் ஒரே மொழிக் குடும்பத்தில் ‘ஒகுஸ்’ என்ற கிளையைச் சேர்ந்தவை. பாதி தானாகவே புரியும், மீதியை இந்தச் சேவை பார்த்துக்கொள்ளும் என்று துருக்கியம் படித்தவர்கள் நம்புகிறார்கள். வாசிப்பதற்கு மட்டும் என்றால் அது நியாயமான நம்பிக்கை. எழுதி அனுப்புவதற்கு என்றால் இல்லை.

மொழிபெயர்ப்பைத் தமிழில் கேட்காதீர்கள், துருக்கியத்தில் கேளுங்கள். இரண்டு மொழிகளிலும் விகுதிகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் ஒட்டுகின்றன. ‘வருகிறேன்’ துருக்மேனியத்தில் கெல்யாரின், துருக்கியத்தில் கெலியொரும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்த விகுதி விடுபட்டது என்று கண்ணுக்குத் தெரியும். தமிழில் சரளமாக வந்து விழும் வாக்கியம் பிழையை மறைத்துவிடும். மொழியைத் தானாகக் கண்டறியும் வசதியையும் நம்ப வேண்டாம். ‘கெல்’ (வா) போன்ற சொற்கள் இரண்டிலும் ஒன்றே என்பதால், சின்ன வாக்கியங்களுக்கு மூலமொழியை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

தட்டச்சில்தான் முதல் சறுக்கல். துருக்மேனிய நெடுங்கணக்கில் 30 எழுத்துகள். துருக்கியத்தின் புள்ளியில்லா ‘ஐ’ (ı) அங்கே வெறும் ‘ஒய்’ (y). துருக்கிய ‘ஒய்’ (y) அங்கே மேலே சாய்கோடு இட்ட ‘ஒய்’ (ý). சாய்கோட்டை இடாவிட்டால் இரண்டு ஒலிகள் ஒன்றாகிவிடும், சேவையும் ஊகிக்க வேண்டியதாகும். பெரிய எழுத்து ‘ஐ’க்குத் துருக்கிய விசைப்பலகை புள்ளி வைக்கும், துருக்மேனியத்தில் அது பிழை. விண்டோஸில் துருக்மேனிய விசைப்பலகை தனியாகவே இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வருவதுதான் முக்கியம்: சேவை சரியாகக் கொடுத்ததை நீங்களே ‘திருத்தி’க் கெடுக்கும் இடம். துஷுன்மெக் துருக்கியத்தில் ‘யோசிப்பது’, துருக்மேனியத்தில் ‘புரிந்துகொள்வது’. ஒருவர் ‘துஷுன்மெதிம்’ என்று எழுதினால் ‘எனக்குப் புரியவில்லை’ என்கிறார். துருக்கியக் கண்ணுக்கு அது ‘யோசிக்கவில்லை’. ‘யஸ்’ துருக்மேனியத்தில் வசந்தம், துருக்கியத்தில் கோடை. சந்திப்புக்குத் தேதி குறிக்கும்போது இது சின்ன விஷயமல்ல. ‘சொரெக்’ துருக்மேனியர்களுக்கு அன்றாட ரொட்டி, துருக்கியர்களுக்குப் பன் வகை. துருக்கியத்தில் ‘பஸார்’ சந்தையும் ஞாயிறும். துருக்மேனிய ஞாயிறோ ‘யெக்ஷென்பே’.

எழுதும்போது எதிர்காலத்தைக் கவனியுங்கள். துருக்கியத்தில் வினைக்குள்ளேயே ‘நான்’ இருக்கும்: கெலெஜெயிம். துருக்மேனியத்தின் ‘கெல்ஜெக்’ எந்த ஆள்விகுதியும் ஏற்காது. ‘மென் கெல்ஜெக்’ என்று ‘நான்’ சொல்லியே ஆகவேண்டும். துருக்கியப் பழக்கத்தில் ‘மென்’ என்பதை விட்டால், வருவது யார் என்றே தெரியாது. எதிர்மறையும் வேறு: ‘மென் கெல்ஜெக் தால்’.

உச்சரிப்புக்கு எழுத்துவடிவம் போதாது. துருக்மேனியம் குறில், நெடில் வேறுபாட்டைக் காத்துவைத்திருக்கிறது: ‘அத்’ குதிரை, ‘ஆத்’ பெயர். ஆனால் எழுத்தில் இரண்டும் ஒன்றே. தமிழ்க் காதுக்கு இது எளிதில் பிடிபடும், திரையில்தான் தெரியாது. அதனால் பேசக் கற்பவர்கள் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்க வேண்டும்.

என் மதிப்பெண்: வாசிக்க 5-க்கு 4, எழுத 2. சான்றிதழ்களுக்கு இதை நம்பவே வேண்டாம். 2002-இல் துருக்மேனிஸ்தான் மாதப் பெயர்களை மாற்றியது. ஜனவரி ‘துர்க்மென்பஷி’, ஏப்ரல் ‘குர்பன்சொல்தான்’ ஆயின. பழைய பெயர்கள் திரும்பியது 2008-இல். இடைப்பட்ட ஆண்டுகளின் ஆவணத்தில் அவை வந்தால் ஆள் பெயராகத் தோன்றும். தேதியை மட்டுமாவது கையால் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.