கருத்தடை மாத்திரை: வருடக்கணக்கில் எடுக்கும்போது காலை வாருவது எது?

கருத்தடை மாத்திரை பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தோடு நின்றுவிடும். குமட்டியதா, எடை கூடியதா, முகப்பரு குறைந்ததா என்று கேட்பதோடு சரி. இரண்டு மூன்று வருடம் ஓட்டிய பிறகு இவை எதுவும் பெரிய விஷயமாகத் தெரியாது. மாத்திரை நன்றாகப் பழகி, யோசிக்காமல் கை தானாகப் போய் எடுக்கும் நிலை வந்த பிறகுதான் சறுக்கல் வரும். அதுவும் எங்கே என்றால், ஓர் அட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்.

ஒரு நாள்கூட விடாமல் எடுத்தால், ஒரு வருடத்தில் 1000 பேரில் 3 பேருக்குத்தான் கரு தங்குகிறது. மனிதர்கள் உண்மையில் எடுக்கும் விதத்தில் கணக்கிட்டால் 100 பேரில் 7 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே கிடப்பது பெரும்பாலும் விழுங்காமல் விட்ட மாத்திரைகள்தான்.

அதிகம் பேர் எடுப்பது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எத்தினைல் ஈஸ்ட்ராடயால் 20, 30 அல்லது 35 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும்; அதுதான் ஈஸ்ட்ரோஜன். கூடவே புரோஜெஸ்டினாக லெவோநார்ஜெஸ்ட்ரெல், டெசோஜெஸ்ட்ரெல், ட்ரோஸ்பிரெனோன் என்று ஏதாவது ஒன்று. 21 மாத்திரை அட்டை என்றால் அது முடிந்ததும் 7 நாள் இடைவெளி. 28 மாத்திரை அட்டையில் கடைசி 7 வேறு நிறத்தில் இருக்கும். அவை வெற்று மாத்திரைகள். சிலவற்றில் இரும்புச்சத்து இருக்கும், ஹார்மோன் இருக்காது. 24 கூட்டல் 4 என்ற வகையும் உண்டு. புது அட்டையைப் பிரித்ததும் எந்த வரிசை வெற்று, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். வெற்று வரிசையிலிருந்து ஆரம்பித்துவிட்டு ஒரு வாரம் நிம்மதியாக இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகமாக நடக்கும் தவறு.

மாதவிடாய் தொடங்கிய முதல் 5 நாட்களுக்குள் முதல் மாத்திரையைப் போட்டால் அன்றே பாதுகாப்பு உண்டு. வேறு நாளில் தொடங்கினால் முதல் 7 நாள் ஆணுறையும் சேர்த்து வேண்டும். ஏன் 7? சினைப்பையைத் தூங்கவைக்கத் தொடர்ந்து ஏழு மாத்திரை தேவை. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஏழு நாள் இடைவெளியில் சினைப்பை மெல்லக் கண் விழிக்கும், அதற்குள் முட்டைப்பை (முட்டை முதிரும் சிறு பை) ஒன்று வளர ஆரம்பிக்கும். எட்டாவது நாள் புது அட்டையின் முதல் மாத்திரை அதை மறுபடி அடக்கிவிடும். அந்த முதல் இரண்டு மாத்திரைகளை விட்டுவிட்டால் இடைவெளி ஒன்பது நாளாகிவிடுகிறது. அதற்குள் முட்டைப்பை அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிடலாம். மாதத்தின் நடுவில்தான் முட்டை வெளிவரும், அப்போது விட்டால்தான் ஆபத்து என்று பலரும் நம்புகிறார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு அது பொருந்தலாம். எடுப்பவர்களுக்கு ஆபத்தான நாட்கள் அட்டையின் இரண்டு ஓரங்களிலும் இருக்கின்றன. ஊருக்குப் போனபோது புது அட்டை வாங்க மறந்து, திரும்பி வந்து இரண்டு நாள் தாமதமாகத் தொடங்குவதுதான் இதற்குச் சரியான உதாரணம். 'இரண்டு நாள்தானே' என்று தோன்றும். அந்த இரண்டு நாள்தான் விஷயமே.

விட்டுப்போனால் என்ன செய்வது என்பதை ஓர் அட்டையை வைத்தே பார்ப்போம். தினமும் இரவு பத்து மணிக்குப் போடுபவர் வியாழன் மாலை பார்க்கிறார், புதன் குமிழ் உடையாமல் இருக்கிறது. உடனே அதை விழுங்க வேண்டும். இரவு பத்துக்கு வியாழன் மாத்திரை வழக்கம்போல. ஒரே நாளில் இரண்டு போட்டால் ஒன்றும் ஆகாது, லேசாகக் குமட்டலாம். விட்டது ஒன்றே ஒன்று என்றால் ஆணுறைகூடத் தேவையில்லை.

அதே ஆள் வெள்ளி இரவுதான் கவனிக்கிறார், புதனும் வியாழனும் அப்படியே இருக்கின்றன. இது வேறு கதை. விட்டவற்றில் கடைசியானதை மட்டும் உடனே போட்டுவிட்டு, முந்தையதைத் தூக்கி எறியலாம். அன்றைய மாத்திரை அதன் நேரத்தில். தொடர்ந்து 7 நாள் மாத்திரை எடுத்து முடியும்வரை ஆணுறை. இது அட்டையின் மூன்றாவது வாரமாக இருந்தால், ஹார்மோன் மாத்திரைகள் முடிந்ததும் இடைவெளி விடாமல், வெற்று மாத்திரைகளை ஒதுக்கிவிட்டு, மறுநாளே அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். முதல் வாரமாக இருந்து, கடந்த 5 நாளில் ஆணுறையில்லாமல் உறவு நடந்திருந்தால் அவசரக் கருத்தடை பற்றி அன்றே டாக்டரிடம் கேளுங்கள். அவசர மாத்திரை லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் என்றால் உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் போட்டுவிட்டு வழக்கமான மாத்திரையைத் தொடரலாம். யூலிப்ரிஸ்டால் என்ற இன்னொரு அவசர மாத்திரையைப் போட்டால் வழக்கமான மாத்திரையை 5 நாள் கழித்துத்தான் தொடங்க வேண்டும். உடனே தொடங்கினால் அதன் வேலையைக் கெடுத்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் வீணாகும் வாய்ப்புகள் நிறைய.

வெற்று மாத்திரை விட்டுப்போனால் கவலையே வேண்டாம். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, புது அட்டையைக் குறித்த நாளில் தொடங்கினால் போதும்.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைக்கு இந்த தாராளம் கிடையாது. பழைய வகைகளில் 3 மணி நேரம் தாமதமானாலே விட்டுப்போனதாகக் கணக்கு. டெசோஜெஸ்ட்ரெல் 75 மைக்ரோகிராம் என்றால் 12 மணி நேரம்வரை தாங்கும். தாண்டிவிட்டால் இரண்டு நாள் ஆணுறை. இவற்றில் இடைவெளியே இல்லை, அட்டை முடிந்த மறுநாள் அடுத்தது.

விழுங்கிய 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அதை நடப்பு அட்டையிலிருந்து எடுத்தால் கிழமை எல்லாம் தள்ளிப்போகும். இதற்கென்றே தனியாக ஓர் அட்டை வைத்திருப்பது நல்லது. நிறம் மாறி மாறி வரும் மூன்று கட்ட மாத்திரை என்றால் அதே நிற மாத்திரைதான் போட வேண்டும், அளவு வேறு வேறு. கடுமையான வயிற்றுப்போக்கு இரண்டு நாளைத் தாண்டினால் அந்த நாட்களை விட்டுப்போன நாட்களாகவே எண்ணுங்கள்.

ஆன்டிபயாடிக் எது எடுத்தாலும் மாத்திரை வேலை செய்யாது என்ற பயம் பாதிதான் சரி. அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின் போன்றவை ஒன்றும் செய்வதில்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின்தான் வில்லன். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால், சில எச்ஐவி மருந்துகள், மனச்சோர்வுக்கு மூலிகை என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஆகியவையும் கல்லீரலை முடுக்கிவிட்டு ஹார்மோனை வேகமாகக் கரைத்துவிடும். அவற்றை நிறுத்திய பிறகும் 28 நாள்வரை இந்த விளைவு நீடிக்கும். லாமோட்ரிஜின் விஷயத்தில் தலைகீழ்: கூட்டு மாத்திரை அந்த மருந்தின் அளவைக் குறைத்து வலிப்பைத் திரும்ப வரவழைக்கலாம்.

பக்க விளைவில் முதல் மூன்று மாதம் திட்டுத்திட்டாக ரத்தம் படுவது சகஜம். அதற்காக இரண்டாவது மாதமே வகை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து அதே கதை. மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். குமட்டல் இருந்தால் சாப்பிட்ட பிறகு, படுக்கப்போகும் நேரத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் ஒரு வருடம் ஒழுங்காக இருந்துவிட்டுத் திடீரென ரத்தம் பட ஆரம்பித்தால், அட்டையில் விட்டுப்போன நாள் இருக்கிறதா, புது மருந்து ஏதாவது சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் தொற்று, கர்ப்பம் இரண்டையும் டாக்டர் சோதிக்க வேண்டும்.

ரத்தம் உறைவதுதான் உண்மையான ஆபத்து. கூட்டு மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்குச் சுமார் 2 பேருக்கு வரும். லெவோநார்ஜெஸ்ட்ரெல் வகையில் 5 முதல் 7, டெசோஜெஸ்ட்ரெல், ட்ரோஸ்பிரெனோன் வகைகளில் 9 முதல் 12. எண்ணிக்கை சிறியது, ஆனால் யாருக்கு என்பதைப் பொறுத்து அது பெருகும். 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர்கள், 140/90-க்கு மேல் பிரஷர் உள்ளவர்கள், முன்பு ரத்த உறைவு வந்தவர்கள், குழந்தை பெற்று 6 வாரம் ஆகாத தாய்மார்கள் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வலிக்கு முன் கண்ணெதிரே வளைந்து வளைந்து மினுங்கும் கோடு, பார்வையில் ஓட்டை விழுந்ததுபோல் ஓர் இடம், விரல்கள் மரத்துப்போவது இவற்றில் ஏதாவது வந்தால், கூட்டு மாத்திரை கூடாது. பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டும். இவர்களில் பலருக்குப் புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை ஒத்துவரும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு இழுக்கும்போது குத்தும் நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், இதுவரை இல்லாத தலைவலி, பார்வை அல்லது பேச்சு தடுமாறுவது இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், மாத்திரை எடுப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் நாள்கணக்கில் படுத்திருக்க வேண்டிவரும் என்றால் நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பிரஷரை, மாத்திரை தொடங்கும் முன், மூன்று மாதத்தில், பிறகு வருடம் ஒருமுறை பார்த்தால் போதும்.

இதோடு சேர்ந்த ஒரு பழைய அறிவுரை நீண்ட நாள் எடுப்பவர்களைக் கெடுக்கிறது: உடம்புக்கு ஓய்வு கொடுக்க வருடத்துக்கு இரண்டு மாதம் நிறுத்த வேண்டுமாம். ரத்த உறைவு ஆபத்து மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களில்தான் அதிகம். நிறுத்தி ஒரு மாதத்துக்குப் பின் மறுபடி தொடங்கினால் அந்தக் கட்டம் திரும்ப வரும். போதாக்குறைக்கு, எதிர்பாராத கர்ப்பமும் அந்த ஓய்வில்தான் நடக்கும். இடைவெளியில் வரும் ரத்தமும் உண்மையான மாதவிடாய் அல்ல, ஹார்மோன் நின்றதால் வருவது. ஒரே அளவுள்ள மாத்திரை என்றால் டாக்டரிடம் கேட்டு மூன்று அட்டைகளை இடைவெளியில்லாமல் தொடரலாம். ஓரங்கள் குறைந்தால் சறுக்கலும் குறையும். இடைவெளியில் ரத்தமே வராவிட்டால், எதுவும் விடாமல் எடுத்திருந்தால் தொடருங்கள். ஏதாவது விட்டிருந்தாலோ, இரண்டு முறை தொடர்ந்து வராவிட்டாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கர்ப்பத்துக்காக நிறுத்துபவர்கள் கடைசி அட்டை ஓடும்போதே டாக்டரிடம் கேட்டு ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கிவிடலாம். நிறுத்திய பின் முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பேகூடக் கரு தங்க வாய்ப்பிருக்கிறது.