லேசரா, ராக்கெட்டா? ஒரு கல்யாண மண்டபக் கணக்கு

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு என் முன்னால் இரண்டு தலைப்புகள் இருந்தன: திரும்பி வந்து தரையிறங்கும் ராக்கெட், தரையிலிருந்து லேசர் பாய்ச்சி ஏற்றும் கலம். நான் லேசரை எடுத்தேன். கைடு சிரித்தார். எடுத்தது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு.

ராக்கெட் கதை எல்லோருக்கும் தெரியும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 முதன்முறை தரையிறங்கியது 2015 டிசம்பரில். ஒருமுறை போய்வந்த முதல் கட்டம், அதாவது ராக்கெட்டின் அடிப்பகுதி, மறுபடி பறந்தது 2017 மார்ச்சில். 2020 வாக்கில் 200 கிலோவுக்கு 10 லட்சம் டாலர், அதாவது கிலோவுக்கு 5,000 டாலருக்கு இடம் கொடுத்தார்கள். அப்புறம் விலை ஏறியது. மேல்கட்டம் மட்டும் இன்னும் ஒவ்வொரு முறையும் வீண்.

லேசர் இதுவரை காட்டியது கொஞ்சம்தான். 2000 அக்டோபரில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில், அமெரிக்கப் பொறியாளர் லீக் மிராபோவின் உள்ளங்கை அகலக் கலம் ஒன்று பம்பரம்போல் சுழன்றுகொண்டே 71 மீட்டர் ஏறியது. 12.7 விநாடி. லேசர் 10 கிலோவாட்.

எனக்குப் பிடித்தது அமெரிக்க இயற்பியலாளர் ஜோர்டின் கேரின் யோசனை. லேசர் கலத்திலுள்ள ஒரு தகட்டைச் சூடாக்கும், தகடு ஹைட்ரஜனைச் சூடாக்கும், அது பின்னால் பாய்ந்து கலத்தைத் தள்ளும். ஆக்சிஜனைச் சுமக்க வேண்டாம், எரிப்பும் கிடையாது. ரசாயன ராக்கெட்டில் வெளியே பாயும் வாயு விநாடிக்கு 4.5 கிலோமீட்டரைத் தாண்டுவதே பாடு. இதில் 6 வரை போகலாம். ஒரே கட்டத்தில் சுற்றுப்பாதை.

மேலே ஏற்றும் சரக்கில் கிலோவுக்கு 1 மெகாவாட் லேசர் என்பது பழகிய கணக்கு. 100 கிலோவுக்கு 100 மெகாவாட் லேசர், எட்டு நிமிடம். பாதி மின்சாரம் வீணானாலும் கிலோவுக்கு 270 யூனிட்தான்; யூனிட் 8 ரூபாய் என்றாலும் 2,200 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இடிப்பது முதலீடு. லேசர் வாட்டுக்கு 10 டாலர் என்று நானாக வைத்துக்கொண்டேன், அனுபவ விலை அல்ல. மொத்தம் 100 கோடி டாலர். இது கல்யாண மண்டபம் மாதிரி: கட்டிய செலவு முகூர்த்த நாட்களில்தான் திரும்ப வரும். வாரம் ஒருமுறை ஏவினால், பத்தாண்டில் கிலோவுக்கு 19,000 டாலருக்கு மேல். தினம் ஒன்று என்றால் 2,740. தினம் ஐந்து என்றால் 550. லேசர் அதேதான், மாறியது முகூர்த்தங்களின் எண்ணிக்கை.

அதனால் என் நிபந்தனை இது: நூறு நூறு கிலோவாகப் பிரித்து அனுப்பக்கூடிய சரக்கு தினமும் வேண்டும். தண்ணீர், எரிபொருள் மாதிரி. போனால் போகட்டும் என்று விடக்கூடியதாகவும் இருப்பது நல்லது. நான்கு டன் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை அனுப்ப 4,000 மெகாவாட் லேசர் கட்டுவது பைத்தியக்காரத்தனம், அதற்கு ராக்கெட்தான்.

மேகம் வேறு இருக்கிறது. மலையுச்சியில் கட்டியும் மூன்றில் ஒரு நாள் மூடிக்கிடந்தால், தினம் ஒன்று என்ற அந்த 2,740 டாலர் 4,100 ஆகிவிடும். வட்டியையும் சம்பளத்தையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.